புழக்கடைக் குளம்

எங்கள் நல்லம்பள்ளிக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரியமாக வருவது வழக்கம். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்க வருவார்கள். அல்லது, தொப்பூர்க் கணவாய் ஏறி வந்த லாரி பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ள, பட்டறை தேடிக்கொண்டு வருவார்கள். மீன் பார்ப்பதற்கென்று இந்த ஊருக்கு யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகையால், என் வீட்டுப் புழக்கடையில் மீன் குளம் ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லும்போது, கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் வானத்தைப் பார்க்கிறார்கள். "கதை எழுதுகிறவர்தானே!" என்று தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டு காப்பியைக் குடிக்கிறார்கள்.

குளம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வீடு கட்டிய காலத்தில் சிமெண்டு வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதற்காக ஒரு தொட்டி கட்டினார்கள். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். வீடு முடிந்தது; கொத்தனார்கள் போனார்கள்; தொட்டி மட்டும் நின்றுவிட்டது. அதை இடிப்பதற்கு ஆகும் கூலியைக் கேட்டபோது, அதில் மீன் வளர்ப்பதே சிக்கனம் என்று எனக்குப் பட்டது. விளிம்பு வரைக்கும் நிரப்பினால் 5,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். மேட்டூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பையில், ரோகுவும் சாதாக் கெண்டையுமாக 20 குஞ்சுகள் வந்து சேர்ந்தன.

என் மனைவியின் தாயார் எங்களோடுதான் இருக்கிறார். இதே வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பத்து வயதிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தவர். அவர் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பையிலிருந்து குஞ்சுகள் நீந்திப் போவதைப் பார்த்தார்.

"ஏங்க மாப்ள, மனுசனுக்கே எண்ணி எண்ணித் தண்ணி புடிக்கிற ஊரு இது. இதுங்களுக்கு யாரு சுமக்கறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றதுதான் இந்தக் கட்டுரை. அந்த அம்மாளை எதிர்த்து வாதாடி ஜயிக்க யாராலும் முடியாது. குறிப்பாக, கோடைக்காலத்தில் முடியாது.

குளத்துத் தண்ணீர் ஏன் கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் அழுக்குப் பிராணி என்று சிலர் நினைக்கிறார்கள். அது அபாண்டம். அழுக்கை நாம்தான் கொடுக்கிறோம், அதுவும் கருணையோடு. என் மீன்கள் ஒவ்வொன்றும் 100 கிராம் எடைக்கு வளர்ந்த சமயம், நாளொன்றுக்கு 50 கிராம் கடலைப் புண்ணாக்கு போட்டுவந்தேன். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 20 கிராம், புரதம். புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆகத் தினந்தோறும் 3 கிராம் நைட்ரஜனைத் தொட்டிக்குள் தூவுகிறேன் என்று அர்த்தம். மீன் அதில் கால் பங்கையோ, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கையோதான் தன் உடம்பில் சதையாகச் சேர்த்துக்கொள்ளும். மீதி 2 கிராமும் தண்ணீருக்கே திரும்பி வந்துவிடும். பெரும்பகுதியை மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியே விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் இது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் செத்து மிதக்கும்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் கரைந்த கடினத் தண்ணீர். காரச் சுபாவம் கொண்டது. காரமும் வெயிலும் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஊட்டியில் ஒரு குளிர்ந்த குளத்து மீன் பொறுத்துக்கொள்கிற அளவு, சித்திரை மாதத்து நல்லம்பள்ளியில் பொறுக்க முடியாததாகிவிடும். மனிதர்களுக்கும் கோபம் அப்படித்தானே!

இதற்கு வழி கேட்டு ஒரு பெரிய நகரத்துக் கடைக்குப் போனேன். கடை முழுவதும் கண்ணாடிப் பெட்டிகள்; பெட்டி முழுவதும் வண்ண வண்ண மீன்கள். கடைக்காரர் நல்ல மனிதர்; வாய் ஓயாத மனிதர். பஞ்சு வைத்த வடிகட்டி, அதற்குள் அல்ட்ரா வயலட் விளக்கு, அதை ஓட்ட ஒரு பம்பு என்று ஒரு யந்திரத்தை மேஜைமேல் எடுத்து வைத்தார். விலையைச் சொன்னார். நான் மௌனமாக இருந்தேன். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "இது போட்டாலும் வாரா வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணியை மாத்திடணும் சார்" என்று முடித்தார்.

5,000 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 1,700 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டால் 110 குடத்துக்கு மேல் போகிறது. வாரத்துக்கு 110 குடம்! வீட்டுக்கு வந்து இந்தக் கணக்கைச் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

மறுநாள் காலையில் அவரே ஒரு யோசனையோடு வந்தார். "தேத்தாங்கொட்டை ஒரசி விட்டுப் பாருங்களேன்" என்றார். ஆற்றிலே ஊற்றுத் தோண்டியும் ஏரியிலே முகந்தும் குடித்த தலைமுறைக்கு இந்தக் கொட்டை தெய்வம் மாதிரி. பானையின் உட்புறத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்துக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், பொழுது விடிவதற்குள் சேறெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். சங்ககாலத்துக் கவிஞர்களுக்குக்கூடத் தெரிந்திருந்த வித்தை. முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும். விதையில் உள்ள ஒருவகைப் பொருள், மிதக்கிற மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் தள்ளிவிடுகிறது. ஆனால் கரைந்த பொருளிடம் இந்த ஜம்பம் சாயாது. சர்க்கரை கரைத்த தண்ணீரில் எந்தக் கொட்டையைத் தேய்த்தாலும் இனிப்புப் போகாது அல்லவா? அம்மோனியாவும் அப்படியே.

கரைந்ததை எடுக்க வேண்டுமானால், அதைத் தின்கிற ஒரு ஜீவன் வேண்டும்.

அந்த ஜீவன்கள் இரண்டு வகை. முதல் வகை கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள். கல்லிலும் வேரிலும் தொட்டிச் சுவரிலும் வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அன்றைய ரஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற அறிஞர் 1890 வாக்கில், ஸூரிச் நகரத்தில் இருந்தபோது இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். நைட்ரைட்டும் மீனுக்குப் பொல்லாததுதான். இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சு முட்டச் செய்யும். நைட்ரேட்டு அத்தனை கொடியதல்ல. ஆனாலும் அது எங்கும் போய்விடுவதில்லை, சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் இரண்டாவது ஜீவன் வருகிறது, பச்சை நிறத்தில். நைட்ரேட்டு செடிக்குச் சோறு. அம்மோனியாவையும் அது நேராகவே உறிஞ்சும். உரக்கடையில் மூட்டையாக விற்கிற யூரியாவும் கடைசியில் இதே வழியாகத்தான் பயிருக்குப் போகிறது. நாம் காசு கொடுத்து வயலில் போடுவதை, மீன் காசு வாங்காமல் தொட்டியில் போடுகிறது.

ஆகவே யந்திரம் வாங்கும் யோசனையைக் கைவிட்டு, செடி தேடப் புறப்பட்டேன். ஓடைக்கரையில் சேம்பு கிடைத்தது. பள்ளிக்கூடத்து வேலியோரம் கல்வாழை, கேட்டவுடனே கிழங்கோடு கொடுத்தார்கள். வசம்பு நாற்று ஒருவர் தந்தார். ஏரியில் இறங்கினால் காலைச் சுற்றிக்கொள்ளுமே வேலம்பாசி, அது ஒரு கைப்பிடி. அல்லிக் கிழங்கு இரண்டு. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, தொட்டி விளிம்பின்மேல் ஏற்றி வைத்து, அதில் வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியை நிரப்பினேன். மண் ஒரு பிடிகூடக் கிடையாது. ஜல்லியிலேயே கல்வாழையும் சேம்பும் வசம்பும் ஊன்றினேன். கூலர் பெட்டியில் வைக்கிற சின்னப் பம்பு ஒன்று தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது ஜல்லிக்குள் புகுந்து, வேர்களைக் கழுவி, மறு முனையில் ஒரு துளை வழியாகச் சலசலவென்று குளத்திலேயே விழுகிறது. 20 வாட்டு மின்சாரம். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பகலில் தூங்கினால் குற்றாலத்தில் தூங்குவது போலிருக்கும். (குற்றாலத்தில் நான் தூங்கியதில்லை. அங்கே கூட்டத்தில் எப்படித் தூங்குவது?)

இது என் கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1950களில் ஜெர்மனியில் கேத்தே ஜைடல் என்ற பெண்மணி, நாணலையும் கோரையையும் வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்று பரிசோதனை செய்து காட்டினார். அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் அவரை அவ்வளவாக லட்சியம் செய்யவில்லை. இன்று உலகெங்கும் அந்த முறையில் கழிவுநீர்ப் படுகைகள் இருக்கின்றன. 1970களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மிஸிஸிப்பி மாகாணத்தில் உள்ள தன் நிலையத்துச் சாக்கடைத் தண்ணீரை வெங்காயத் தாமரையை வைத்துச் சுத்தம் செய்தது. ஐதராபாத்தில் நெக்னாம்பூர் ஏரியில் 2018ஆம் வருஷம், வெட்டிவேர், கல்வாழை, சம்பு முதலிய செடிகளை ஒரு தெப்பத்தில் நட்டு மிதக்க விட்டார்கள். ஏறக்குறைய 3,000 சதுர அடித் தெப்பம். கீழே தொங்கும் வேர்கள் ஏரியைத் தின்றுகொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது கல்கத்தாதான். அந்த நகரத்தின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலமும் வயலும் குளமுமாக ஒரு பிரதேசம் இருக்கிறது. மாநகரத்துச் சாக்கடை அங்கே போய்ச் சேருகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக மீனவர்கள் அந்தத் தண்ணீரை ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, அதில் கெண்டை வளர்க்கிறார்கள். வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் சாக்கடையைத் தண்ணீராக்குகின்றன. பாசியை மீன் தின்கிறது. மீனைக் கல்கத்தா தின்கிறது. கரையோரமாக மூங்கில் கட்டி, வெங்காயத் தாமரையை ஒரு பட்டைபோல நிறுத்தி வைத்திருப்பார்கள். அலை கரையை அரிக்காமல் அது தடுக்கும்; மீனுக்கு நிழல் தரும்; தண்ணீரில் வரும் உலோக விஷத்தையும் வேரில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 1980களின் தொடக்கத்தில், இத்தனை சாக்கடையும் எங்கேதான் போகிறது என்று பார்க்கப் போன துருவஜோதி கோஷ் என்ற அரசாங்க எஞ்சினீயர், படிக்காத மீனவர்கள் நடத்திய இந்தக் காரியத்தைக் கண்டு அதிசயித்து, மிச்ச ஆயுளையும் அதைக் காப்பாற்றுவதற்கே செலவிட்டார். 2002இல் அந்த நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018இல் காலமானார். நாவலாசிரியர்கள் கதாநாயகர்களுக்காக எங்கெங்கோ அலைகிறோம்!

வெங்காயத் தாமரையைப் பற்றி இரண்டு முறை சொல்லிவிட்டேன். அதைப் பற்றி ஜாக்கிரதையாகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலர் அதை ஆகாயத் தாமரை என்கிறார்கள். அந்தப் பெயர் வைத்திய நூல்களில் வேறொரு செடிக்கு உரியது. முட்டைக்கோஸ் குஞ்சு மாதிரி நீரில் மிதக்கும். தர்க்க சாஸ்திரக்காரர்களுக்கோ ஆகாயத் தாமரை என்றால் இல்லாத பொருளுக்கு உதாரணம். இந்தச் செடி மட்டும் இல்லாத பொருளாக இருந்திருந்தால் எத்தனையோ ஏரிகள் பிழைத்திருக்கும். தென் அமெரிக்காவில் பிறந்து, ஊதாப் பூவின் அழகுக்காகக் கப்பலேறி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் ஆறு, கால்வாய், நெல்வயல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காளத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். செடி சட்டம் படிக்கவில்லை. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். கோயம்புத்தூர்க் குளங்களிலும் சென்னைக் கால்வாய்களிலும் அதன் சாம்ராஜ்யத்தை யாரும் பார்க்கலாம். அதனால், தொட்டியில் வளர்ப்பவர்கள் ஒரு சிறு துண்டைக்கூட ஏரியிலோ ஓடையிலோ போட்டுவிடக் கூடாது. தொட்டிக்குள் அது வேலைக்காரன். வெளியே போனால் எஜமான்.

தொட்டிக்குள்ளும் எஜமானாகிவிடும் என்பதற்கு என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் சாட்சி கிடைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர். என் தொட்டியைப் பார்த்துவிட்டு, தம் வீட்டிலும் ஒரு குளம் வெட்டித் தார்ப்பாய் விரித்து மீன் விட்டார். நாலே நாலு வெங்காயத் தாமரை கொண்டுபோய்ப் போட்டார். இரண்டு மாதம் கழித்து, "ஓய், தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு செழிப்பு!" என்று பெருமையோடு போனில் சொன்னார். அடுத்த மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடியும் போன். குரலில் பெருமை இல்லை. போய்ப் பார்த்தேன். இலைகளின் இடுக்குகளிலெல்லாம் மீன்களின் வாய் தெரிந்தது. அத்தனையும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

காரணம் இதுதான். செடி பகலில் ஆக்ஸிஜன் விடுகிறது, வாஸ்தவம். ஆனால் மிதக்கிற செடி அதைப் பெரும்பாலும் ஆகாயத்துக்கு விடுகிறது, தண்ணீருக்கு அல்ல. மேலே பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டால் காற்றும் உள்ளே இறங்காது, வெளிச்சமும் இறங்காது. அடியில் இருக்கும் பாசி செத்து அழுகும். அழுகலுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். இரவு முழுவதும் மீன், வேர், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டால், கோழி கூவும் நேரத்தில் பாத்திரம் காலியாகிவிடும். இருவருமாக முழங்கால் தண்ணீரில் இறங்கி, செடியில் பாதிக்கு மேல் வாரிக் கரையில் எறிந்தோம். பாதிக்கு மேற்பட்ட மீன்கள் பிழைத்தன. ஆசிரியர் அல்லவா, மீதியை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"செடி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது" என்று நாம் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை என்று அன்று கரையில் உட்கார்ந்து ஈரக் காலைத் துடைத்துக்கொண்டபோது எனக்கு உறைத்தது. அழுக்கு எங்கேயும் மாயமாகப் போய்விடவில்லை. புண்ணாக்கு மீனாயிற்று, மீனின் கழிவு இலையாயிற்று. அந்த இலை பழுத்துத் தண்ணீரிலேயே விழுந்தால் மறுபடியும் அம்மோனியாதான். செடி செய்வதெல்லாம், கைக்கு அகப்படாமல் கரைந்திருந்த ஒன்றைக் கைக்கு அகப்படும்படி கட்டிக் கொடுப்பது. எடுத்து வெளியே போடுவது நம் பாடு.

எவ்வளவு எடுக்க வேண்டும்? இதற்கும் கணக்கு உண்டு. பச்சை வெங்காயத் தாமரையில் 100க்கு 95 பங்கு வெறும் தண்ணீர். ஒரு கிலோவைக் காயவைத்தால் 50 கிராம் தேறும். அதில் நைட்ரஜன் ஒன்றேகால் கிராம், நல்ல செழிப்பானதாக இருந்தால் ஒன்றரைக் கிராம். தொட்டியில் தினம் சேர்வது 2 கிராம். ஆகவே தினம் ஒன்றரைக் கிலோ, வாரத்துக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் வாரி எடுத்தால்தான் வரவும் செலவும் சரியாகும். எங்கள் வீட்டு மூங்கில் கூடைக்கு ஒரு கூடை. ஜல்லியில் உள்ள கல்வாழையும் சேம்பும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அவற்றின் முற்றிய தழையையும் நறுக்கிவிட வேண்டும். எதையும் எடுக்காமல், செடி பார்க்க அழகாயிருக்கிறதே என்று விட்டுவைப்பவர்களுக்கு அழகு மட்டும் மிஞ்சும்.

இந்தக் கூடையைத் தூக்கும் உத்தியோகத்தை யாரும் கேளாமலே அத்தை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரி எடுத்து, ஒரு நாள் வெயிலில் வாடப் போட்டு, பிறகு எருக்குழியில் தள்ளுவார். கறுப்பும் ஊதாவுமாக மயிரிழை போலத் தொங்கும் வேரில் சேறு அப்பிக்கொண்டிருக்கும். "பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கைத் தின்னுருக்குது!" என்று ஒவ்வொரு வாரமும் புதிதாக ஆச்சரியப்படுவார். தம் தகப்பனார் கிணற்றில் இரண்டு கெண்டையும் ஓர் ஆமையும் விட்டிருந்தார் என்று அப்படி ஒரு நாள்தான் சொன்னார். கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வரும் பையன் டார்ச்சு விளக்கோடு தொட்டியை எட்டிப் பார்த்தபோது, அவனுக்கு விளக்கம் சொன்னதும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஆனால், செடி இலவசமாக வேலை செய்யவில்லை. அது தண்ணீர் குடிக்கிறது. சித்திரை மாதத்தில் தொட்டிச் சுவரில் கோடு போட்டு அளந்து பார்த்தேன். நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் இறங்குகிறது. தொட்டியின் பரப்புக்கு அது 40 லிட்டருக்குக் கிட்டத்தட்ட. இரண்டரைக் குடத்துக்கு மேல். அகன்ற இலையுள்ள மிதக்கும் செடி அதிகமாக இருந்தால் திறந்த தண்ணீரைவிட விரைவாகவே வற்றுகிறது. தாகம் மிகுந்த ஊரில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆகையால் கோடையில் வெங்காயத் தாமரையை மூலையில் ஒரு முழத்துக்குக் குறைத்துவிட்டு, தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் அல்லி இலையையும் அடியில் உள்ள வேலம்பாசியையும் நம்புகிறேன். புண்ணாக்கையும் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும், பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் வாழைக்கும் போக, நல்ல தண்ணீரில் தினம் இரண்டரைக் குடத்துக்குக் கொஞ்சம் மேலே குளத்துக்கு. வாரத்துக்கு 18 குடம் வருகிறது. 110 குடத்துக்கு 18 குடம்; அத்தை இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன், வாயால் சொல்லாவிட்டாலும்.

ஒரு நாள் காலை. வெயில் சரிவாக விழுந்து, தொட்டியின் அடித்தளம்வரை தெரிந்தது. அடியிலே கிடந்த ஒரு கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். அத்தை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுத்தம் பண்ணுதே இந்தச் செடி, போர்த் தண்ணியில இருக்கற அந்தப் பல் கறையையும் எடுத்துடுமா மாப்ள?"

தர்மபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாவட்டத்துப் பாறைகளின் ஊடே ஊறி வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேலே உள்ள தண்ணீரைப் பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகள் குடித்தால், பல்லில் வெள்ளைப் புள்ளியும் பழுப்புப் பட்டையும் விழும். தேய்த்தால் போகாது, பல்லின் உள்ளேயே அப்படித்தான் உருவாகிறது. பல வருஷம் குடித்தால் முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்ளும். அத்தைக்கு இரண்டும் உண்டு. சிரிக்கும்போதெல்லாம் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவது அந்தக் காலத்துப் பெண்களின் அடக்கம் என்று கல்யாணமான புதிதில் எனக்குத் தோன்றியதுண்டு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்ச் செலவில், காவிரித் தண்ணீரை மலையேற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் பெரிய காரியம். 2013இல் தொடங்கி வைத்தார்கள். என் பேத்தி குடிப்பது அந்தத் தண்ணீர். அவளுக்கு விழுந்து முளைத்த பல் அரிசி மாதிரி இருக்கிறது. அத்தை அதைத் தினமும் ஒரு சாக்கு வைத்துத் திறந்து பார்ப்பார்.

"எடுக்காது அத்தை" என்றேன்.

பரிசோதனைச் சாலையில் சில நீர்ச்செடிகள் ஃபுளோரைடைக் கொஞ்சம் உறிஞ்சிக் காட்டியிருக்கின்றன என்பதை அறிவேன். ஒரு வீட்டுத் தொட்டியில், குடிக்கிற தண்ணீருக்கு, அதை நம்புவதற்கில்லை. நைட்ரஜன் செடிக்கு உணவு. தேடிப் பிடித்துத் தின்னும். ஃபுளோரைடு அதற்கு வேண்டாத விருந்தாளி. அதை நீக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையை நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் வகுத்தார்கள். அது வேறு சாஸ்திரம். இன்னும் ஒரு சங்கடம் உண்டு. வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும். உப்பையும் ஃபுளோரைடையும் விட்டுவிட்டுப் போகும். நான் குடம் குடமாகப் போர்த் தண்ணீரை நிரப்ப நிரப்ப, அவை தொட்டிக்குள் ஏறிக்கொண்டே வருகின்றன. அதனால்தான் மாதம் ஒருமுறை ஒரு சாண் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் மாடித் தண்ணீரைக் குழாய் போட்டுக் குளத்துக்குத் திருப்பிவிடுகிறோம். அந்த இரண்டு மாதமும் மீன்களுக்குத் தீபாவளி.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஒரு ரோகு பக்கவாட்டில் திரும்பி வெயிலில் பளிச்சென்று மின்னிவிட்டுப் போயிற்று.

"அப்போ இதுங்களும் நம்ம தண்ணியைத்தான் குடிக்குதுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மீனுக்குப் பல் உண்டா மாப்ள?" என்று கேட்டார்.

கெண்டை ஜாதிக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள்ளே இருக்கிறது என்று சொன்னேன்.

"தொண்டைக்குள்ளயா! கொடுத்து வெச்சதுங்க. யாருக்கும் தெரியாது பாருங்க" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எருக்குழிப் பக்கம் போனார்.